‘மாசுபடுத்துபவர் செலுத்துவார்’: பாலாற்றுத் தோல் வழக்கின் ஆங்கிலத் தொடர்களில் சொற்பொருளும் சூழற்பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில மொழியியலில் செமான்டிக்ஸ் எனப்படும் சொற்பொருளியலுக்கும் பிராக்மாட்டிக்ஸ் எனப்படும் சூழற்பொருளியலுக்கும் இடையிலான எல்லை, பெரும்பாலும் புனைந்துகொண்ட எடுத்துக்காட்டுகளைக் கொண்டே தமிழ் ஆய்வுகளில் விளக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்வெல்லையை வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்பகுதியில் உண்மையாக வழங்கிய மூன்று ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு ஆராய்கிறது. பொல்யூட்டர் பேஸ், ட்ரீட்டட் எஃப்ளுவன்ட், ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் ஆகியவை அத்தொடர்கள். ஆங்கிலத் தொடர் சூழலுக்கு விட்டுவைக்கும் இடங்களைத் தமிழ் ஆக்கம் இலக்கணத்தாலேயே நிரப்பிவிடுகிறது என்பதும், அவ்வாறு நிரப்புவது பாதிக்கப்பட்டோர் உரிமையைப் பற்றிய புரிதலை மாற்றவல்லது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: சொற்பொருளியல், சூழற்பொருளியல், குறிப்புப்பொருள், முற்கோள், முன்னம், பாலாறு, தோல் பதனிடுதல், சட்டமொழிபெயர்ப்பு.

முன்னுரை

ஒரு தொடரின் பொருள் அதன் சொற்களில் இருக்கிறதா, அது சொல்லப்படும் சூழலில் இருக்கிறதா என்னும் வினா 20ஆம் நூற்றாண்டின் ஆங்கில மொழிநூலைத் தொடர்ந்து இயக்கிவந்துள்ளது. 1938இல் சார்லஸ் மோரிஸ் குறியியலைத் தொடரியல், பொருளியல், பயன்பாட்டியல் என மூன்றாகப் பகுத்தார். 1962இல் வெளிவந்த ஜே.எல். ஆஸ்டினின் சொற்பொழிவுகள், சொல்லுதலும் ஒரு செயலே என்று காட்டின. 1975இல் அச்சேறிய எச்.பி. கிரைஸின் கட்டுரை, சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் இடையே கோடு கிழித்தது.

இக்கருத்துகளைத் தமிழில் அறிமுகம் செய்யும் கட்டுரைகளில் இரு போக்குகள் உண்டு. ஒன்று, ஆங்கில நூல்களின் எடுத்துக்காட்டுகளை அப்படியே தமிழில் தருவது. மற்றொன்று, இவை அனைத்தும் தொல்காப்பியத்தில் முன்பே உள்ளன என்று நிறுவி அத்துடன் நின்றுவிடுவது. முதற்போக்கில் தமிழ்ச் சூழல் இல்லை. இரண்டாம் போக்கில் ஆய்வு இல்லை. கோட்பாடு எதனுடையதாயினும், அது ஒரு வழக்கை விளக்கும் கருவியாகும்போதே அதன் வலிமை தெரியும். அத்தகைய வழக்கு ஒன்று பாலாற்றங்கரையில் உள்ளது.

வழக்கின் களம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழிற்பகுதி 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களில் விரிந்துள்ளது. தமிழும் உருதும் அன்றாடம் கலந்து வழங்கும் இப்பகுதியில் தொழிலின் மொழியாகவும் ஏற்றுமதியின் மொழியாகவும் ஆங்கிலச் சொற்கள் ஊடுருவியுள்ளன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையின் இடத்தைக் குரோமிய உப்பு முறை பெரிதும் பற்றிக்கொண்டபோது, மாசும் அதன் தன்மையை மாற்றிக்கொண்டது.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்னும் அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ முடிவுற்ற தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று. இச்செய்திகள் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இத்தீர்ப்பு பெற்ற இடம் பெரிது. அது நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமென்று உறுதிசெய்த கோட்பாடுகளுள் ஒன்று, இரண்டே சொற்களாலான ஓர் ஆங்கிலத் தொடர்: பொல்யூட்டர் பேஸ்.

இரு சொற்களும் நான்கு வெற்றிடங்களும்

இத்தொடரின் சொற்பொருளை மட்டும் நோக்கினால் அது மிகக் குறைவாகவே கூறுகிறது. பொல்யூட்டர் என்பது வினையடியாகப் பிறந்த கருத்தாப்பெயர். அதில் காலம் இல்லை. ஒருமை, பலர் என்ற வரையறையும் பொதுமைப் பயன்பாட்டில் மங்கிவிடுகிறது. பேஸ் என்பது ஆங்கிலத்தின் எளிய நிகழ்கால வினைமுற்று. எதை, யாருக்கு என்னும் இரு வினாக்களுக்கும் அதில் விடை இல்லை. யார், எப்போது, எதை, யாருக்கு என்னும் நான்கு இடங்களும் வெறுமையாக உள்ளன.

வடிவத்தால் இது செய்தி வாக்கியம். ஆயினும் ஆங்கிலம் அறிந்த எவரும் இதைச் செய்தியாகக் கொள்வதில்லை. ஆட்டத்தில் தோற்றவர் பணம் கொடுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் கூறினால் அது ஆட்டத்தின் விதியாகும். நடந்ததையோ நடப்பதையோ அது விவரிப்பதில்லை. ஆஸ்டினின் நோக்கில், செய்தி வடிவில் அமைந்த இத்தொடரின் செயல்விசை விதித்தல் ஆகும். பாலாற்றங்கரையில் இத்தொடரைச் செய்தியாகக் கொண்டு மெய்யா பொய்யா என்று சோதித்திருந்தால் அது நெடுங்காலம் பொய்யாகவே இருந்திருக்கும். விதியாகக் கொண்டால் அச்சோதனைக்கே இடமில்லை. விதி மீறப்படும், பொய்யாகாது. ஒரே தொடர் ஒரு நோக்கில் பொய்யாகவும் மற்றொரு நோக்கில் மீறப்பட்டதாகவும் அமையும் இந்நிலையே சொற்பொருளும் சூழற்பொருளும் பிரியும் இடம்.

முன்னம்: இடமும் கூறுவோரும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல், முன்னம் என்னும் உறுப்பை விளக்கும்போது இடம், மொழி, கூறுவோர், கேட்போர் ஆகியவற்றின் பொருத்தத்தை அடிப்படையாகக் கொள்கிறது. எச்சவியலும் சொல்லின் நேர்ப்பொருளால் அன்றி முன்னத்தால் உணரப்படும் கிளவிகள் உண்டு என்று ஏற்கிறது. இவ்விதி செய்யுளுக்கு உரியது; சட்டத்தொடருக்கென எழுந்ததன்று. எனினும் ஒரு கூற்றின் பொருளைத் தேடும்போது எவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்ற பட்டியலை அது தருகிறது. பொல்யூட்டர் பேஸ் என்னும் தொடரின் வரலாற்றில் அப்பட்டியலைப் பொருத்திப் பார்க்கலாம்.

1972 மே மாதத்தில் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இக்கோட்பாட்டை முன்வைத்தது. கூறியது வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு. கேட்டவை உறுப்பு நாடுகளின் அரசுகள். இடம் பன்னாட்டு வணிகம். அங்கு செலுத்துதல் என்பது, மாசுத் தடுப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஆகும் செலவைத் தொழில் நிறுவனமே ஏற்பதாகும். அரசு மானியத்தால் வணிகப் போட்டி திரிந்துவிடக் கூடாது என்பதே கவலை. பாதிக்கப்பட்ட உழவர் அச்சூழலில் கேட்போரும் அல்லர், பெறுவோரும் அல்லர்.

1992இன் ரியோ பிரகடனம் தன் 16ஆம் கோட்பாட்டில் இதைத் தேசிய அரசுகள் ஊக்குவிக்க முயல வேண்டிய ஒன்றாகக் கூறியது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிப்ரவரியில் இராஜஸ்தானின் பிச்ரி வழக்கிலும் ஆகஸ்டில் வேலூர் வழக்கிலும், அதே தொடருக்கு வேறு விரிவு தந்தது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடும், சீரழிந்த சூழலை மீட்பதற்கான செலவும் மாசுபடுத்துபவரின் பொறுப்பாயின. தொடரின் சொற்கள் ஒன்றும் மாறவில்லை. கூறுவோர் நீதிமன்றம் ஆனார்; கேட்போர் தோல் தொழிற்சாலைகளும் அரசும் ஆயினர்; இடம் பாலாற்றுப் படுகை ஆயிற்று. எதை, யாருக்கு என்னும் வெற்றிடங்களுக்கு அப்போதுதான் விடை வந்தது.

காலம் என்னும் வெற்றிடத்தையும் நீதிமன்றம் தனியே நிரப்ப வேண்டியிருந்தது. தொழிற்சாலை இன்று மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியை நிறுவியிருந்தாலும், முன்னர் விளைத்த மாசுக்கு அது பொறுப்பே என்று தீர்ப்பு தெளிவாக ஆணையிட்டது. கருத்தாப்பெயரில் காலம் இல்லாமையால், ‘இன்று மாசுபடுத்தாதவர் மாசுபடுத்துபவர் அல்லர்’ என்ற வாதத்துக்கு இடம் இருந்தது. அந்த ஆணை அவ்வாதத்தை அடைத்தது.

யார் என்பதும் எளிதன்று. 1950இல் பி.எஃப். ஸ்ட்ராசன் விளக்கியபடி, வரையறுத்த பெயர்த்தொடர் ஒன்று தான் குறிக்கும் பொருள் உண்டு என்பதை முற்கோளாகக் கொள்கிறது. மாசுபடுத்துபவர் என்று தொடங்கும் கூற்று, மாசு உண்டு, அதற்குரியவரை இனங்காண முடியும் என்னும் இரண்டையும் வாதிடாமலேயே எடுத்துக்கொள்கிறது. பல ஆலைகளின் கழிவு ஒரே வாய்க்காலில் கலந்து நிலத்தடிநீரைச் சேரும் பகுதியில் இரண்டாவது முற்கோள் தானாக நிறைவேறாது. 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையத்தின் பணி, மொழியியல் நோக்கில், அம்முற்கோளுக்கு உருக்கொடுப்பதே ஆகும். 2001 மார்ச் 7 அன்று அது வழங்கிய முடிவில் 547 ஆலைகளும் 29,193 பாதிக்கப்பட்டோரும் இடம்பெற்றனர். இரு சொற்களின் வெற்றிடங்கள் எண்களால் நிரம்ப ஐந்தாண்டுகள் ஆயின.

தமிழ் ஆக்கங்கள் முடிவுசெய்பவை

இத்தொடரைத் தமிழில் ஆக்க முயல்வோர் ஆங்கிலம் தள்ளிப்போட்ட முடிவுகளை உடனே எடுக்கும் நிலையில் நிறுத்தப்படுகின்றனர். மாசுபடுத்துபவர் செலுத்துவார் என்றால் ஆங்கில அமைப்புக்கு அண்மையில் நிற்கும். ஆனால் தமிழ்க் கேட்போர் அதை முன்னறிவிப்பாகவே கொள்ளக்கூடும். விதியாக உணர்த்த வேண்டின் செலுத்த வேண்டும் என்ற வடிவம் தேவைப்படுகிறது. இங்கு கடமை வெளிப்படையாகிறது. ஆனால் அதை விதிப்பவர் யார் என்பது மறைகிறது.

எழுவாயில் சிக்கல் மேலும் நுட்பமானது. மாசுபடுத்துபவர், மாசுபடுத்துகிறவர், மாசுபடுத்தியவர் என்னும் மூன்றில் ஒன்றைத் தமிழ் தேர்ந்தாக வேண்டும். தமிழ் வினையாலணையும் பெயர் காலம் காட்டுவது. ஆங்கிலச் சட்டத்தில் தனி ஆணையால் தீர்க்கப்பட்ட சிக்கல், தமிழில் ஓர் இடைநிலையால் எழுகிறது அல்லது தீர்கிறது. மாசுபடுத்துகிறவர் என்று எழுதினால், மூடப்பட்ட ஆலையும் திருந்திய ஆலையும் சொல்லின் அளவிலேயே விலகிவிடுகின்றன. அர் ஈறு உயர்வொருமைக்கும் பலர்பாலுக்கும் பொதுவாதலால், ஒருவரா பலரா என்ற மயக்கம் தமிழிலும் எஞ்சுகிறது.

அழுத்தத்துக்காகச் சேர்க்கப்படும் ஏகாரமும் பொருளற்றதன்று. மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும் என்பதில் ஏகாரத்தைத் தேற்றமாகக் கொண்டால் பொறுப்பு உறுதிப்படுகிறது. பிரிநிலையாகக் கொண்டால் பிறர் விலக்கப்படுகின்றனர். அரசுக்குப் பொறுப்பில்லை என்றாகிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதியரசர்கள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு வழங்கிய தீர்ப்பு இவ்வேறுபாட்டின் எடையைக் காட்டுகிறது. வழங்கப்படாமல் இருக்கும் இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் அரசு முதலில் வழங்கி, பின்னர் ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. உழவரின் கையில் பணம் தருபவர் ஒருவர். அச்சுமையை இறுதியில் தாங்குபவர் மற்றொருவர். பிரிநிலை ஏகாரம் இவ்வமைப்பைத் தாங்காது; தேற்ற ஏகாரம் தாங்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றே.

இழப்பீடு என்னும் சொல்லைச் சேர்த்து மாசுபடுத்துபவர் இழப்பீடு தரல் என ஆக்குவது தெளிவுக்காகச் செய்யப்படுவது. ஆனால் அது எதை என்னும் வெற்றிடத்தைப் பாதியளவே நிரப்புகிறது. ஆளுக்குரிய இழப்பீடு இடம்பெறுகிறது. ஆற்றையும் மண்ணையும் மீட்கும் செலவு தொடரிலிருந்து வெளியேறுகிறது. 1996 தீர்ப்பு இரண்டையும் ஒரே பொறுப்பின் கீழ்க் கொண்டுவந்தது என்பதை நோக்க, இது சிறிய இழப்பன்று.

‘ட்ரீட்’ செய்தலும் சுத்திகரித்தலும்

இரண்டாம் தொடரில் மாற்றம் வினையின் உள்ளேயே நிகழ்கிறது. கழிவுநீரைப் பற்றி ஆங்கிலம் வழங்கும் ட்ரீட் என்னும் வினை ஒரு செயல்முறையைக் குறிக்கிறது, விளைவை உறுதிசெய்வதில்லை. மருத்துவர் ஒருவர் நோயாளியை ட்ரீட் செய்தார் என்பதிலிருந்து நோய் தீர்ந்தது என்று பெற முடியாது. தமிழும் இவ்வேறுபாட்டை அறியும்: மருத்துவம் பார்த்தார் என்பது வேறு, குணப்படுத்தினார் என்பது வேறு.

ஆயினும் கழிவுநீர் வழக்கில் ட்ரீட் என்பதற்குச் சுத்திகரி என்னும் வினை நிலைபெற்றுவிட்டது. அவ்வினையின் அடியிலேயே சுத்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தீர்வு முயற்சியைக் கூறும் சொல், தமிழில் தீர்வையே கூறுகிறது. கிரைஸ் தந்த நீக்கச் சோதனையால் இதைக் காணலாம். குறிப்புப்பொருளை முரணின்றி மறுத்துரைக்க முடியும். சொல்லின் உட்கொள் பொருளை அவ்வாறு மறுக்க இயலாது. நீர் ட்ரீட் செய்யப்பட்டது, உப்பு மட்டும் நீங்கவில்லை என்பது ஆங்கில வழக்கில் இயல்பான கூற்று. நீர் சுத்திகரிக்கப்பட்டது, உப்பு மட்டும் நீங்கவில்லை என்பது தமிழில் முரணாக, அன்றேல் குறைந்தபட்சம் ஒரு குற்றச்சாட்டாக ஒலிக்கும்.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. ஆலையில் முதலில் நடப்பது அத்தோலை நீரில் ஊறவைத்தல். உப்பு அங்கேயே நீரில் இறங்குகிறது. உயிரியல் முறையிலான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கரிமச் சுமையைக் குறைக்கும். மிதக்கும் திண்மங்களைப் படியச் செய்யும். கரைந்த உப்பை அது நீக்காது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரையறையைத் தோல் ஆலைகள் எட்ட முடியாமல் போனதற்குக் காரணம் இதுவே. பொறியாளர் தன் அறிக்கையில் ட்ரீட்டட் எஃப்ளுவன்ட் என்று எழுதியபோது பொய்யுரைக்கவில்லை. அதே தொடர் சுத்திகரிக்கப்பட்ட நீர் என்று ஊருக்குள் வந்தபோது, எவரும் அளிக்காத ஓர் உறுதிமொழி அதில் ஏறியிருந்தது. கிணற்று நீர் உவர்த்திருப்பதைக் கண்ட உழவர் அதைப் பொய் என்று கருதினால் அவர் தமிழைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

எது சுழி?

உப்பை நீக்கும் தேவையிலிருந்தே மூன்றாம் தொடர் இப்பகுதிக்கு வந்தது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மீளப் பயன்படுத்தி, எஞ்சிய செறிநீரை ஆவியாக்கும் ஏற்பாடே ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ். இத்தொடரில் சுழி அடையாக நிற்பது திரவ வெளியேற்றத்துக்கே. ஆவியாக்கலின் முடிவில் கலப்பு உப்பு திண்மமாக எஞ்சுகிறது. அதைச் சேமித்து வைப்பதும் அகற்றுவதும் தனிச்சிக்கலாகத் தொடர்கின்றன.

கிரைஸின் அளவு நெறிப்படி, பேசுவோர் தேவையான அளவுக்குக் குறையாமலும் மிகாமலும் கூறுகிறார் என்று கேட்போர் கொள்கின்றனர். அவ்வாறாயின் லிக்விட் என்ற அடை வீணாக இட்டதன்று. திண்மம் சுழி அன்று என்பதை அது குறிப்பால் உணர்த்துகிறது. துறையறிந்தோர் அதை அவ்வாறே படிக்கின்றனர். ஆனால் பேச்சில் அத்தொடர் ஜீரோ டிஸ்சார்ஜ் என்றும், தமிழில் கழிவே வெளியேறாத முறை என்றும் குறுகும்போது, குறிப்புப்பொருளைத் தாங்கிய அடை விழுந்துவிடுகிறது. எஞ்சுவது மெய்யல்லாத ஒரு முழுக்கூற்று.

கடன்சொல்லும் ஆக்கச்சொல்லும்

இவற்றோடு ஒப்பிடத்தக்கவை ஆலைக்குள் வழங்கும் சொற்கள். வெட் புளூ என்பதை ஈரம், நீலம் என்னும் இரு சொற்களின் கூட்டாகக் கொண்டால் பொருள் விளங்காது. குரோமியத்தில் பதனிடப்பட்டு, அடுத்த நிலைகளுக்குக் காத்திருக்கும் அரைமுடிப்புத் தோல் அது. கிரஸ்ட் என்பது அதற்கு அடுத்த நிலை. பொன்னைப் பறி என்று வழங்கிய பொற்கொல்லர் வழக்கை இலக்கண உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்குச் சான்றாகக் காட்டுவர். வெட் புளூ மறைப்பதற்காக எழுந்த சொல்லன்று. எனினும் குழுவின் பழக்கமே பொருளை நிறுவுகிறது என்ற அளவில் அதுவும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

ஆம்பூர்த் தொழிலாளர் இச்சொற்களை மொழிபெயர்க்காமல் ஏற்றனர். சொல்லோடு தோலும் தொட்டியும் அடுத்தகட்ட வேலையும் கண்முன் இருந்தமையால் சூழலும் உடன் வந்தது, பொருள் சிதையவில்லை. சட்டச் சொற்களின் நிலை இதற்கு மறுதலை. அவை தமிழாக்கப்பட்டன, ஆனால் அவை பிறந்த சூழல் உடன் வரவில்லை. எனவே கடன்சொல் பொருளைக் கெடுக்கும், தமிழாக்கம் பொருளை விளக்கும் என்ற பொதுவான நம்பிக்கையை இவ்வழக்கு அப்படியே ஏற்க இடம் தரவில்லை. இதனால் தமிழாக்கம் வேண்டாம் என்று முடிவுசெய்வதும் பொருந்தாது. ஆலைக்கு வெளியே வாழும் உழவருக்குக் கடன்சொல்லும் சூழலைத் தருவதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

கோட்பாட்டுப் பெயர்கள் வெறும் தலைப்புகளே; பொருளைத் தீர்மானிப்பது தீர்ப்பின் முழுவாசகம் என்று மறுக்கலாம். நீதிமன்றத்துக்குள் இது சரி. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். முழுவாசகமும் அம்மொழியிலேயே பொறுப்பை வரையறுக்கிறது. ஆனால் தீர்ப்பு ஊரை அடைவது தலைப்பாகவே. இழப்பீடு கோரும் மனுவிலும் செய்தித்தாளிலும் கிராமசபைப் பேச்சிலும் வழங்குவது தொடரே, வாசகம் அன்று. அண்மை ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வரும் நிலையில் இவ்வினா மேலும் நெருக்கமாகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என நிற்கும் கலைச்சொல் பட்டியல்கள் சொற்பொருளை மட்டுமே கொண்டுசெல்ல வல்லவை.

முடிவுரை

சொற்பொருள் முதலில் முழுமையடைந்து நிற்கும், சூழல் பின்னர் அதன்மேல் ஏறும் என்ற பாடநூல் வரிசையைப் பாலாற்று வழக்கு ஐயத்துக்குள்ளாக்குகிறது. பொல்யூட்டர் பேஸ் என்பதில் யார், எப்போது, எதை, யாருக்கு என்பவை நிரம்பாமல் கூற்றே முழுமை பெறுவதில்லை. அவ்விடங்களை ஆங்கிலத்தில் நீதிமன்றமும் ஆணையமும் வாதத்துக்குப் பின் நிரப்பின. தமிழில் இடைநிலையும் ஏகாரமும் வினைத்தேர்வும் வாதமின்றியே நிரப்பிவிடுகின்றன.

ஆகவே சட்டத்தொடர் ஒன்றைத் தமிழாக்கும்போது இணைச்சொல் தருவதோடு, அது எவ்விடத்தில், யாரால், யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதையும், எக்காலத்துச் செயலையும் எவ்விளைவையும் உள்ளடக்குகிறது என்பதையும் குறிப்பாக இணைப்பது இன்றியமையாதது. முன்னம் பற்றிய தமிழிலக்கண மரபும் கிரைஸ், ஆஸ்டின் வழிவந்த ஆய்வும் இணைந்து பயன்பட வேண்டிய இடம் இது. மாசுபடுத்தியவர், இழப்பீட்டையும் மீட்புச் செலவையும் செலுத்தக் கடமைப்பட்டவர் என்பது நீண்ட ஆக்கம்தான். ஆயினும் பாலாற்றுப் படுகையில் இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர், தமக்கு எது கிடைக்க வேண்டும் என்பதை அந்நீளத்திலிருந்து அறிந்துகொள்ள முடியும்.